சதுர பேட்டரி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் வீடியோவில் பேசும்போது அந்தப் பழைய போனைத் தூக்கிக் காட்டினாயே, அதன் முதுகு புடைத்திருந்தது. "சும்மாதான்பா கிடக்கு" என்றாய். சும்மா கிடக்க மெத்தைதான் இடமா? கட்டிலில் ஒரே ஒரு தலையணைதான் கண்ணில் பட்டது. சரி, அதை நான் கேட்கவில்லை.

புடைத்த லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. இனி சார்ஜ் போடாதே. அமுக்கிப் பார்க்காதே, கழற்றவும் போகாதே. குப்பையில் மட்டும் போட்டுவிடாதே. குப்பை லாரி நசுக்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்து தீப்பிடித்துவிடும். அந்தத் தீ அணைந்த மாதிரி இருந்துவிட்டு மறுபடி பற்றும். பற்றக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல், வெளியே மணல் மேல் வை. பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில், புடைத்ததை எடுப்பார்களா என்று முதலில் கேள். நீ இன்ஜினியர், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன்னைப் பற்றிப் பேசாமல் எனக்கு ஒரு நாள் போகாது. அப்படிப்பட்டவன் டிராயரில், நான் வந்தபோது பார்த்தேனே, தீர்ந்த செல், சாவி, சில்லறை எல்லாம் ஒரே குவியல்.

தீர்ந்தது என்றால் கருவிக்குத்தான் தீர்ந்தது. உள்ளே மிச்சம் இருக்கும். அதிலும் 9 வோல்ட் சதுர பேட்டரிக்கு இரண்டு முனையும் ஒரே தலையில். ஒரு சாவி குறுக்கே விழுந்தால் போதும், சூடேறித் தீப்பிடிக்கலாம். முனையில் டேப் ஒட்டு. பொத்தான் செல்லுக்கு இரண்டு பக்கமும் ஒட்டு. அந்தப் போனுக்கு சார்ஜ் போடாதே, மறந்துவிடாதே.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நீ ஏழாவது படிக்கும்போது பின்கட்டுக் குப்பைக்கூடை எரிந்ததே. ரேடியோவின் பழைய சதுர பேட்டரியை அதில் எறிந்தது நான். பாத்திரம் தேய்த்த கம்பிநாரும் அதிலேயே கிடந்தது. சாம்பலைக் கிளறியபோது பேட்டரி கிடைத்தது, முனையில் நார் கருகி ஒட்டியிருந்தது. அதற்குள் உன்னை அடித்து முடித்திருந்தேன். உன் பையில் தீப்பெட்டி இருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. "நான் இல்லப்பா" என்று மூன்று தடவை சொன்னாய். பேட்டரியை உன் அம்மாவிடம்கூடக் காட்டாமல் புதைத்தேன்.

அதற்கப்புறம் எதற்குமே நீ என்னிடம் விளக்கம் சொன்னதில்லை. இப்போதும்.

போனை இன்றைக்கே மெத்தையை விட்டு எடு. எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி போடு. வேறு ஏதாவது எழுதத் தோன்றினால் அதையும் எழுது.

அப்பா