விடியற்காலைப் படங்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் வாசகர் படப் பக்கத்தை ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறவன் நான். சேலத்தில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை, லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு ஏறிவிடுவேன். அந்தப் பக்கத்தில் எங்கள் ஊர் வரும்போதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருவது எப்போதும் ஒரே ஏற்காடு. செக்கச்செவேல் என்று அஸ்தமனம், கண்ணைப் பறிக்கிற பச்சை, ட்ரோனில் எடுத்த கொண்டை ஊசி வளைவு. எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் கஷ்டப்பட்டுத்தான் எடுக்கிறார்கள். இந்த மலைக்கு அடக்கமான ஒரு முகம் இருக்கிறது, அது உங்கள் பக்கத்தில் வந்து நான் பார்த்ததே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மார்கழியிலும் தையிலும் இங்கே சூரியன் எட்டிப் பார்க்க ஆறரை ஆகிவிடும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைத்தான் சொல்கிறேன். அப்போது வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் சமமாக இறங்குகிறது, அதனால் நிழல் என்று ஒன்று விழுவதே இல்லை. காப்பித் தோட்டத்தில் இலைக்கு இலை ஈரம் மட்டும் மங்கலாக மினுங்கும். எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது. மலை அடுக்குகளைப் பார்த்தால் கிட்டே இருப்பது கருநீலம், அதற்குப் பின்னால் கொஞ்சம் வெளிறல், அதற்கும் பின்னால் வானமா மலையா என்று சொல்ல முடியாது. நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும்தான் அப்படி ஒவ்வொன்றாக வெளுக்க வைக்கிறது. தூரம் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்த அரை மணி நேரத்தில் பார்க்க வேண்டும்.

எங்கள் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து தரும் ஒரு தம்பி, தை மாதத்தில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் வியூ பாயிண்டிலிருந்து எடுத்த படம் ஒன்று என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அங்கே எல்லோரும் சாயங்காலம்தான் போவார்கள், இவர் இருட்டோடு போயிருக்கிறார். படத்தில் சேலமே இல்லை, பனி மூடிவிட்டது. தூரத்தில் கஞ்சமலையின் முதுகு மட்டும் பென்சிலால் லேசாகத் தேய்த்தது போலத் தெரிகிறது. வலது ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரம், அதுவும் பாதிதான். மீதி முக்கால் பங்கு வெறும் வெளி. முதலில் பார்க்கிறவர்கள் "இதுல என்ன இருக்கு?" என்பார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் பனிக்கு நடுவே ஒரு புகைக்கோடு தெரியும், செங்கல் சூளையாக இருக்கலாம். அது நேராக மேலே ஏறி, ஒரு உயரத்துக்கு வந்ததும் அப்படியே மடங்கி, பக்கவாட்டில் நீளமாகப் படுத்துவிடுகிறது. இரவெல்லாம் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயே தங்கிப்போக, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்பதால் புகையால் அதைத் தாண்ட முடிவதில்லை. பனியும் அதே காரணத்தால்தான் பள்ளத்திலேயே கிடக்கிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் எல்லாம் கலைந்துவிடும். அந்தக் காலையின் குளிர் மொத்தமும் அந்த ஒரு கோட்டில் இருக்கிறது, நான் எத்தனை தடவை பார்த்தாலும் அதில்தான் போய் நிற்கிறேன்.

இப்படி ஒரு படம் எடுப்பது லேசான வேலை இல்லை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் என்றே கணக்குப் போடும், வெள்ளைப் பனியைக் காட்டினால் அழுக்காக்கித் தரும், நாமே ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டி வைக்க வேண்டும். நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் விடியலின் நீலத்தைக் குறை என்று நினைத்துத் துடைத்துவிடும். செல்போன் இன்னும் மோசம், நாலைந்து படங்களை ஒன்றாகச் சேர்த்து, இருட்டை வெளிச்சமாக்கி, பனியை விலக்கி, பளிச்சென்று கொடுத்துவிடும். அப்புறம் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு மலையேறி வருகிறவர்கள், வியூ பாயிண்டில் நின்று "ஒண்ணுமே தெரியல, ஒரே பனி" என்று திரும்பிப் போகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்ததுதானே ஏற்காடு?

மைக்கேல் கென்னா என்ற இங்கிலாந்துக்காரர் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பனிவெளியையும் ஒற்றை மரத்தையும் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையிலும் அப்படி எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். போடத்தான் இடமில்லை.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குத் தெரியாததில்லை. நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சும், படத்தின் அச்சுப் புள்ளிகள் ஊதும், நடு டோன், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைப்பட்ட சாயல், எல்லாம் கறுத்துப்போகும். காகிதமே பழுப்பு, அதில் பனியின் வெள்ளைக்கு எங்கே போவது? அழுத்தமான கலர் படம் இதையெல்லாம் தாங்கும், மெல்லிய படம் சேறாகிவிடும். சரி, அதற்கு வழி இல்லாமல் இல்லை. அச்சுக்குப் பிளேட் போடும் முன்பே நடு டோனைத் தாராளமாக வெளுத்துவிடுங்கள். சாம்பல் நிறத்தைச் சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து கொண்டுவராமல், பெரும்பாலும் கறுப்பு மையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள், மெஷினில் மை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பனி ரோஸ் கலராக மாறாது. கறுப்பு வெள்ளையாகவே போட்டாலும் சம்மதம்.

இன்னொன்று, அளவு. தபால்தலை அளவில் போட்டால் அந்தப் புகைக்கோடு யாருக்கும் தெரியாது. ஆறு படம் போடும் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது ஒரே படத்தைப் பாதிப் பக்கத்துக்கு, அதுவும் மடிப்புக்கு மேலே போடுங்கள். கலரை ஏற்றாதீர்கள், ஓரத்தை வெட்டாதீர்கள், வெறும் வெளி வெறும் வெளியாகவே இருக்கட்டும். அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், நீங்கள் சரி என்றால் மூலக் கோப்பை அப்படியே அனுப்பி வைப்பார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
அஸ்தம்பட்டி, சேலம்.