ஜப்பானிய எழுத்துப் பயிற்சிப் பெட்டி: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: பழைய தூரிகைப் பேனா, தவறான நோட்டு, போலி 2பி பென்சில்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஜப்பானிய எழுத்துப் பயிற்சிக்கான முழுத்தொகுப்பு என்று நீங்கள் விற்கும் நீல மூடிப் பெட்டியில் ஆறு, எங்கள் வகுப்புக்காக வாங்கப்பட்டன. ஆர்டர் எண், பில், படங்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. போன் செய்யும் ஒவ்வொரு முறையும் அதையே முதலிலிருந்து கேட்கிறீர்கள். இனியாவது ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கட்டும்.

முதலில் தூரிகைப் பேனா. புதிதாக வரும் பேனாவில் மை உள்ள அடிப்பகுதிக்கும் முனைக்கும் நடுவில் ஒரு வளையம் மாட்டியிருக்கும். வாங்கியவர் அதைக் கழற்றிவிட்டு இறுக்கித் திருகினால்தான் மை முனைக்கு இறங்கும். உங்களுக்குத் தெரியாததல்ல, நீங்கள்தானே விற்கிறீர்கள்! எங்களுக்கு வந்த ஆறில் இரண்டில் வளையமே இல்லை. நைலான் முடி நடுவில் இரண்டாகப் பிளந்து நின்றது, வேரில் மை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நிறமி மை ஒருமுறை முடிக்குள் காய்ந்துவிட்டால் வெந்நீரில் ஊறவைத்தாலும் முனை கூராகத் திரும்பாது. யாரோ எழுதிப் பார்த்துத் திருப்பி அனுப்பியதைத் துடைத்துப் புதிய உறையில் போட்டு விற்றிருக்கிறீர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இருந்தால் எழுத்தில் தாருங்கள்.

பென்சிலுக்கு வருவோம். மேலே 2பி என்று அச்சிட்டிருக்கிறது. 2பி என்றால் எச்பியைவிட மென்மையாக, கருப்பாக எழுத வேண்டும். இதுவோ எச்பியைவிடக் கெட்டியாக இருக்கிறது. ஜப்பானில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு பி அல்லது 2பி வாங்கச் சொல்வது அழகுக்காக அல்ல. கோடு முடியும் இடத்தில் நின்று அழுத்தும் தோமெ, நின்று தெறிக்கும் ஹானெ, அழுத்தத்தை மெல்லத் தளர்த்தி இழுத்துவிடும் ஹராய், இந்த மூன்றும் தாளில் பிரிந்து தெரிய வேண்டும். களிமண் கூடி கிராஃபைட் குறைந்த பென்சிலில் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே சாம்பல் கம்பிதான் விழும். உங்கள் கிடங்கிலேயே சோதித்துப் பாருங்கள். மனிதனைக் குறிக்கும் 'ஹிதோ' இரண்டே கோடு. இடப்பக்கக் கோடு போகப்போக மெலிய வேண்டும். வலப்பக்கக் கோடு கீழே வரவரத் தடித்து, பாதத்தில் ஒரு கணம் நின்று, பிறகு பக்கவாட்டில் விலகி மெலிய வேண்டும். உங்கள் பென்சிலில் இரண்டும் கூரைக் கழி சாய்த்து வைத்தது போல நிற்கின்றன.

இதைச் சொன்னதற்குத்தான் உங்கள் சேவை மையத்தில் ஒருவர், "பென்சில்னா பென்சில்தாங்க. ஜே.எல்.பி.டி.யில கையால எழுதவே சொல்றதில்லையே, அப்புறம் என்ன?" என்று சிரித்தார். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் விடைத்தாளில் வட்டம் நிரப்பினால் போதும் என்பது எங்களுக்கும் தெரியும். கான்ஜிக்கு, அதாவது சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்துகளுக்கு, கான்ஜி கென்டெய் என்று இன்னொரு தேர்வு இருக்கிறது. அதில் கையால்தான் எழுத வேண்டும், எச்பி, பி, 2பி பென்சிலைத்தான் கொண்டுவரச் சொல்கிறார்கள். அது கிடக்கட்டும், தேர்வே இல்லாமல் ஒருவர் ஆசைக்குப் படிக்கக்கூடாதா? அவர் போனை வைத்த விதம் இன்னும் ஆறவில்லை. உரையாடலைப் பதிவு செய்கிறோம் என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவைத் தயவுசெய்து கேளுங்கள்.

நோட்டு இன்னும் மோசம். கட்டத்துக்குள் குறுக்குச் சாய்கோடும் சேர்ந்து எட்டாகப் பிரிந்திருப்பது சீன எழுத்துப் பயிற்சி நோட்டு. ஜப்பானிய கான்ஜி நோட்டில் கட்டத்தை நான்காகப் பிரிக்கும் புள்ளிக்கோடு மட்டும் இருக்கும். பக்கத்தில் உச்சரிப்பு எழுத ஒரு ஒடுங்கிய பத்தியும் இருக்கும். கட்டம் போனால் போகிறது, மாதிரி எழுத்துகளே சீன எளிய வடிவம்! ஜப்பானியத்தில் பத்துக் கோடு உள்ள குதிரை, உங்கள் நோட்டில் மூன்று கோட்டில் ஓடுகிறது. வலம், இடம் என்ற இரண்டு எழுத்துக்கும் கிடைக்கோட்டை முதலில் போடச் சொல்கிறது. ஜப்பானில் இடத்துக்குத்தான் கிடைக்கோடு முதலில், வலத்துக்குச் சாய்கோடு முதலில். ஹிரகானா என்ற ஒலியெழுத்துகளின் தாளோ திரை எழுத்துருவில் அடித்தது. நான்கு கோட்டில் பிரித்து எழுத வேண்டிய 'கி' அதில் ஒட்டிக்கொண்டு மூன்றாகத் தெரிகிறது, மூன்று கோட்டு 'சா' இரண்டாகத் தெரிகிறது. பள்ளிப் பாடநூல்களுக்கென்றே கியோகாஷோ எழுத்துரு இருக்கிறது, அதில் அடித்திருக்கலாம். இப்படிப் பழகிய கையைத் திருத்துவதைவிடப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது எளிது. ஒரு வகுப்பின் கையெழுத்தையே கெடுத்துவிட்டீர்கள்.

ஜெல் பேனா பற்றி மறந்துவிட்டேன். விளம்பரத்தில் 0.38 மி.மீ. முனை, பெட்டியில் 0.7. எட்டு மில்லிமீட்டர் கட்டத்தில் பதினைந்து கோடு உள்ள எழுத்தை 0.7இல் எழுதினால் உள்ளிடம் எல்லாம் அடைந்துவிடும். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக எழுதும்போது வலக்கை இப்போதுதான் எழுதிய பத்தியின் மேலேயே படுகிறது. மெதுவாகக் காயும் மை என்றால் பக்கம் முழுக்கத் தீற்றல். தாளுக்கு அடியில் வைக்கும் ஷிதாஜிகிக்குப் பதில் கண்ணாடி போல வழுக்கும் அக்ரிலிக் தகடு. மென்மையான வினைல் இருந்தால்தான் அழுத்தம் நன்றாகப் பதியும்.

திருப்பி எடுக்க வந்த கூரியர் தம்பி, "சீல் பிரிச்சிருக்கு, எடுக்க முடியாதுங்க" என்று போய்விட்டார். சீலைப் பிரிக்காமல் முனை பிளந்திருப்பதை எப்படிப் பார்ப்பது? பிறகு கிடங்குக்கே கொண்டுவரச் சொன்னீர்கள். அங்கே இருந்த காவலாளிக்கு உங்கள் பெயரே தெரியவில்லை. வெயிலில் பெட்டிகளைச் சுமந்து போய், சுமந்தே திரும்பியது மிச்சம்.

அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஆறு பெட்டிக்கும் முழுப் பணத்தையும் கூரியர் கட்டணத்தோடு திருப்பித் தாருங்கள். மாற்றுப் பெட்டி வேண்டாம், அதே நோட்டுதான் வரும். மின்வணிக விதிகள் 2020இன்படி புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தரவேண்டியது உங்கள் பொறுப்பு. தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம்கூடக் கிடையாது. அந்த நிலைக்குக் கொண்டுபோக எனக்கும் விருப்பமில்லை.

பெட்டிகளை எடுக்க ஆள் அனுப்பினால், பிரித்த பெட்டியையும் வாங்கிக்கொள்ளச் சொல்லி எழுத்தில் கொடுத்து அனுப்புங்கள். பேசுவதற்கு வேறு யாரையாவது வையுங்கள், பென்சிலும் பென்சிலும் ஒன்று என்றவர் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்