ரெக்ஸை உயிரோடு திருப்பித் தந்தவருக்கு

மாஸ் எஃபெக்ட் என்ற வீடியோ கேமின் முதல் பாகத்தை முடித்த கையோடு என் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. சேவ் கோப்பும் போச்சு. வேறு விளையாட்டென்றால் சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். இதில் முடியாது. பயோவேர் உருவாக்கி 2007-இல் வெளிவந்த அந்தப் பாகத்தில் நாம் எடுத்த முடிவுகள்தான் 2010, 2012 பாகங்களிலும் தொடரும். பழைய கோப்பு இல்லாமல் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினால், நம் அணியில் இருந்த குரோகன் இன வீரன் ரெக்ஸ் இறந்துவிட்டதாகவே கதை இயல்பாக எடுத்துக்கொள்ளும். முதல் பாகத்தில் விர்மைர் கிரகத்தில் துப்பாக்கி முனையில் நின்று அவனிடம் பேசிப் பேசிக் காப்பாற்றியதெல்லாம் வீண்.

நீங்கள் சும்மா ஒரு கோப்பை அனுப்பவில்லை. அணியில் நீ காப்பாற்றியது ஆஷ்லியா கெய்டனா, ராக்னி என்ற வேற்றுக்கிரக இனத்தின் ராணியை விட்டாயா கொன்றாயா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு, என் முடிவுகளுக்குப் பொருந்தும் சேவ் கோப்பைத் தேடி அனுப்பினீர்கள். பெயர்கூடச் சொல்லவில்லை.

குரோகன்களின் கிரகமான துச்சாங்காவில் ரெக்ஸ் தலைவனாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது சத்தமாகவே சிரித்துவிட்டேன். அவன் இல்லாவிட்டால் மூன்றாம் பாகத்தில் அந்த இடத்தில் ரீவ் வருவான். பழிவாங்கும் வெறி பிடித்தவன். குரோகன்களின் இனப்பெருக்கத்தை முடக்கும் ஜெனோஃபேஜ் நோய்க்கான மருந்தை அவன் கையில் கொடுக்க யாருக்கு மனசு வரும்? என் கதையில் அந்த மருந்தைப் பரப்ப விஞ்ஞானி மோர்டின் கோபுரம் ஏறியதற்கு ஓர் அர்த்தம் இருந்தது.

அப்புறம், இரண்டாம் பாகத்தின் கடைசிப் பணியில் குழாய்க்குள் டாலி (Tali) என்ற அணிப் பெண்ணை அனுப்பச் சொன்னீர்களே, அனுப்பினேன். எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். மிக்க நன்றி. மூன்றாம் பாகத்தின் முடிவு நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை மட்டும் இன்றுவரை ஏற்க முடியவில்லை.