லட்சம் கிலோமீட்டர் டீசல் காரும் டைமிங் செயினும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குவோருக்கான உங்கள் கட்டுரையில் இரண்டு இடங்களில் இடறியது. ஒன்று, லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியைத் தொடவே வேண்டாம் என்பது. மற்றொன்று, ஸ்விஃப்ட் டீசல் வாங்கினால் டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் நேரம் தவறாமல் இயங்க வைக்கும் பட்டை) மாற்றியாயிற்றா என்று கேட்கச் சொன்னது. அந்த வண்டியில் பெல்ட்டே கிடையாது, அந்த வேலையைச் செய்வது செயின்தான். 2005இல் வந்த பழைய இன்னோவாவின் 2.5 டீசலுக்குத்தான் பெல்ட்.

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா குவாட்ராஜெட், புன்டோ, லீனியா என்று பல டீசல் வண்டிகளில் இருப்பது ஃபியட்டின் அதே 1,248 சிசி இன்ஜின். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. ஆகவே இப்போது விற்பனைக்கு வருபவற்றில் லட்சத்துக்குக் கீழ் மீட்டர் காட்டும் வண்டியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

செயினுக்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்ற கெடு இல்லை. அதனால் ஆயுளுக்கும் வரும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. இந்த இன்ஜினில் பிடிக்கும் ஆயிலோ ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியதை 20,000 வரை இழுத்தால், நடுவில் அரை லிட்டர் குறைந்தால்கூட, டென்ஷனரும் செயினை வழிநடத்தும் கைடும் தேய்ந்து செயின் தொய்கிறது. செயின் பல்சக்கரத்தில் பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் மோதும். வால்வுகளை அழுத்தும் ராக்கர் ஆர்ம்கள் முறிவதோடு நின்றால் அதிர்ஷ்டம்; வால்வு வளைந்தால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

முன்னறிவிப்பு இல்லாமல் இது நடப்பது குறைவு. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில நொடிகள் கடகடவென்று சத்தம் வந்து அடங்கும். வாங்கப் போகிறவர் குளிர்ந்த இன்ஜினைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் போவதற்குள் விற்பவர் வண்டியைச் சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சத்தம் இருக்கும் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. அந்தக் குலுக்கல் போதும், தொய்ந்த செயின் பல் தாண்ட.

செயின், டென்ஷனர், கைடு, பல்சக்கரம் எல்லாவற்றையும் செட்டாக மாற்றக் கூலியோடு 15,000 முதல் 20,000 ரூபாய் ஒதுக்குங்கள். ஊருக்கு ஊர் கூடக்குறைய இருக்கும். செயின் மாற்றும்போது நேரம் பிசகாமல் கேம் ஷாஃப்ட்டையும் ஃப்ளைவீலையும் அசையாமல் பூட்டும் கருவி கடையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மார்க்கர் பேனாவால் குறி போட்டு மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கிராங்க் புல்லி போல்ட் இடது மரை (எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்ற வேண்டியது) என்பது தெரியாமல் மல்லுக்கட்டுகிறவர்களும் உண்டு.

அடுத்த பெரிய செலவு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். புதிது ஒன்றே 10,000 ரூபாயைத் தாண்டும், வேண்டியவை நான்கு. ஐடிலில் நடுக்கம், பிக்கப் குறைவு, கரும்புகை இருந்தால் இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வழியும் ரிட்டர்ன் டீசல் அளவை நான்கிலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் அதிகமாக வழிந்தால் கோளாறு அதில்தான். டர்போ எப்படி இருக்கிறது என்று அறிய, அதிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றிப் பார்க்கலாம். உள்ளே லேசான ஆயில் படலம் சகஜம், தேங்கி நின்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். நீலப்புகை வந்தால் டர்போவோ பிஸ்டன் ரிங்கோ ஆயில் விடுகிறது. ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறது என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டி வேண்டாம்.

கிளட்ச் செட், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர் எல்லாம் தேய்வதற்கென்றே இருப்பவை. அவற்றுக்காக நல்ல இன்ஜினை விட்டுவிட வேண்டாம்.

மீட்டரைக் குறைப்பது இன்று சில நிமிட வேலை. 60,000 என்று காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழப்பாகி, ஸ்டீயரிங் தோல் பளபளத்தால் நம்பாதீர்கள். உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பதிவு எண்ணைக் கொடுத்தால், கடைசியாக எந்தக் கிலோமீட்டரில் ஆயில் மாறியது என்று கேட்கலாம். டி போர்டிலிருந்து (வாடகை வண்டி) ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகம்) மாற்றிய வண்டியா என்பதை ஆர்டிஓ பதிவில் பாருங்கள். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசலுக்குத் தடை வந்த பிறகு அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி வரும் வண்டிகளும் இந்தச் சந்தையில் உண்டு. அவற்றுக்கு இங்கே கட்ட வேண்டிய சாலை வரியையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாமக்கல்.