பச்சைப் பட்டுப்புடவை அக்காவுக்கு நன்றி

கும்பகோணத்தில் போன வாரம் நடந்த என் தங்கை கல்யாணத்துக்கு வந்திருந்த அக்கா, நீங்கள் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா? இரண்டு பக்கமும் விசாரித்துப் பார்த்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் நாட்டு நாய் கருப்பன் பக்கத்தில் இல்லாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று தங்கைக்குப் பிடிவாதம். மாப்பிள்ளை அழைப்பில் வெடி போடுவார்கள் என்பதால் அன்றைக்கு வீட்டிலேயே விட்டோம். முகூர்த்தத்துக்குச் சாமந்தி மாலையோடு வந்தான். நாதஸ்வரம் வரைக்கும் சமர்த்து. கெட்டிமேளம் கொட்டியதும் வாலை இடுக்கிக்கொண்டு நடுங்க ஆரம்பித்துவிட்டான். நாய்க்கு நம்மைவிடக் காது கூர்மை, தவில் பக்கத்தில் பாவம் என்ன செய்யும்? நீங்கள்தான் கயிற்றை வாங்கிக் கொல்லைப்பக்கம் தென்னை நிழலுக்குக் கூட்டிப்போய், தரையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். பட்டுப்புடவை முழுக்க மண்!

அப்புறம் ஒரு பொடியன் பாசமாகப் பாயசம் ஊட்ட வந்தபோது கிண்ணத்தைச் சட்டென்று வாங்கிக்கொண்டீர்களாம். திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், உலர்ந்ததும்தான் என்று டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள் அக்கா. தாம்பூலப் பை எடுத்து வைத்திருக்கிறேன். புடவை சலவைச் செலவும் எங்களுடையதுதான், மறுக்கக் கூடாது.