பின்னேர நடை பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று போனில் "நாலு நாள் நடந்தன் அம்மா, பிறகு விட்டுப்போச்சு" என்று நீ சொன்னது இரவு முழுக்க என் காதுக்குள்ளேயே நின்றது. உன் அப்பாவுக்கும் சீனி வருத்தம், எனக்கும் சீனி வருத்தம், உனக்கு இப்போது 38 வயது, அதனால் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். போனில் சொன்னால் நீ ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய்.

எனக்கும் முதலில் விட்டுப்போனதுதான். நடக்கும்போது கால் தசை இரத்தத்தில் உள்ள சீனியை எடுத்துச் செலவழிக்கும், ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ என்று டொக்டர் சொன்ன அந்தக் கிழமை, புதுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கையை மூன்று தரம் சுற்றினேன். சுற்றுவதில் என்ன இருக்கிறது, அதே மதில், அதே தகரப் படலை, குரைக்கிற அதே நாய். ஐந்தாம் நாள் முழங்கால் நோகிறது என்று நின்றுவிட்டேன். நீ அனுப்பின போன் வேறு நாளுக்குப் பத்தாயிரம் என்று காலடியை எண்ணிக் காட்டும், இரண்டாயிரத்தைக் கண்டவுடன் இன்னும் எண்ணாயிரம் கிடக்கிறதே என்று மனம் விழுந்துவிடும். அந்தப் பத்தாயிரம் எந்த வைத்தியரும் கண்டுபிடித்த கணக்கு இல்லையாம், 1965இல் ஜப்பானில் விற்ற காலடி எண்ணும் கருவி ஒன்றின் பெயராம். பேப்பரில் அதை வாசித்த அன்றே எண்ணுவதை விட்டேன்.

பிறகு நல்லூர்க் கொடியேறியது. உனக்கே தெரியும், அந்த 25 நாளும் கோயிலைச் சுற்றி வாகனத்தை மறித்துவிடுவார்கள், சனம் செருப்பில்லாமல் மணலில் நடந்து வரும், எண்பது வயது ஆச்சிமாரும் வருவார்கள். நானும் ஒரு நாள் தவறாமல் போனேன், முழங்கால் நோவு ஞாபகத்துக்கே வரவில்லை. திருவிழா முடிந்த பின்னேரம் வாசற்படியில் சும்மா இருக்கும்போதுதான் பிடிபட்டது. அத்தனை நாளும் ஒரு தரமாவது "நடக்கப் போகிறேன்" என்று நான் வெளிக்கிட்டதில்லை, முருகனைப் பார்க்கத்தான் வெளிக்கிட்டேன். போக ஓர் இடம் இருந்தது, வழியில் கதைக்க ஆட்கள் இருந்தார்கள்.

அன்றிலிருந்து சுற்றுவதில்லை, போய் வருகிறேன். ஐந்து மணிக்கு வெய்யில் தாழ்ந்ததும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இறங்கினால், ஒரு நாள் சட்டநாதர் கோயில் வரை, ஒரு நாள் யமுனா ஏரி வரை. நீ சின்னனில் கல் எறிந்து விளையாடின அந்த 'ப' வடிவக் கேணிதான். அந்தப் பழைய மந்திரிமனைக் கட்டடத்தைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் நிற்பேன், அந்த மர வேலைப்பாட்டில் பின்னேர வெய்யில் விழும் அழகு வேறு. இருட்ட முதல் திரும்பிவிடுவேன், லைற் இல்லாமல் வரும் சைக்கிள்களுக்குப் பயம்.

ஆனால் என்னை விடாமல் நடக்க வைத்தது இடம் மட்டுமில்லை. திருப்பத்தில் கிளுவை வேலி வீட்டு அக்கா அந்த நேரம் படலையடியில் கதிரை போட்டு இருப்பா. ஒரு நாள் நான் போகாவிட்டால் அடுத்த நாள் தூரத்தில் கண்டவுடனேயே "நேற்று எங்கை?" என்று கேட்பா. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பஞ்சிப்பட்டே எத்தனையோ நாள் சப்பாத்தைப் போட்டிருக்கிறேன் தம்பி.

இப்போது கார்த்திகை மழை. போன கிழமை ஐந்து நாள் வெளியே கால் வைக்க முடியவில்லை, ஒழுங்கை முழுக்க வெள்ளம். விட்டதைத் திரும்பத் தொடங்குவதுதான் கடினம், முதல் நாள் தொடங்குவதைவிட அது பத்து மடங்கு. அதனால் மழை விட்ட அன்று யமுனா ஏரியை நினைக்கவேயில்லை, அக்காவின் படலை வரை மட்டும் போய் வந்தேன். அடுத்த நாள் கால் தானாகவே இன்னும் தூரம் போனது. நீயும் நாலு நாளோடு விட்டதற்காக முழுவதும் போய்விட்டது என்று எண்ணாதே, நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

அங்கே இப்போது ஐந்து மணிக்கு முதலே இருட்டு, குளிர், எனக்குத் தெரியும். ஐஸ் கிடக்கும் நாளில் ரோட்டில் இறங்காதே, மோலுக்குள் நட. மற்ற நாளில் வேலையால் வந்து சோபாவில் இருக்க முதல், கோட்டைக் கழற்றாமல் அப்படியே இறங்கித் தமிழ்க் கடை வரை போய் ஒரு கட்டுக் கீரையோடு வா. காரில் போகாதே.

இன்னொன்று. உனக்குப் பின்னேரம் ஆறு மணி என்றால் எனக்கு இப்போது விடிய நாலரை. நான் அந்த நேரம் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவேன், போனும் பக்கத்தில்தான் இருக்கும். வீட்டால் இறங்கினவுடன் எனக்கு எடு, நடந்து நடந்து கதை, மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை. வருகிற செவ்வாயிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் எடுக்காவிட்டால் அடுத்த நாள் நான் கேட்பேன், நேற்று எங்கை என்று.

அன்புடன்,
அம்மா