பிள்ளை எழுதும் நிரலை வாசிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் ஏ.பி. என்னும் கல்லூரித் தரப் பாடங்களில் ஒன்றான கம்ப்யூட்டர் சயன்ஸ் ஏ பாடத்தை இணையவழியில் படிக்கிறார்கள். சொந்தப் பள்ளியில் அந்த வகுப்பு இல்லாததே பெரும்பாலும் காரணம். ஒஹாயோ மாநிலத்தில் நாங்கள் வசிக்கும் சிற்றூரிலும் அதே நிலைதான். என் மகனும், அவனுக்குப் பின் மகளும் வெவ்வேறு இணையப் பள்ளிகளில் இதைப் படித்தார்கள். அலுவலகத்தில் நாள் முழுவதும், இந்தப் பாடத்தில் கற்பிக்கும் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதுபவள் நான் என்பதால் இரண்டு பள்ளிகளையும் பக்கத்தில் இருந்து கவனித்தேன். பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: பிள்ளை எழுதும் நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைகளை, ஒரு மனிதர் வாசிப்பாரா?

மகன் படித்த பள்ளியில் காணொளிகள் தெளிவாகவே இருந்தன. பயிற்சிகளைத் திருத்தியது மட்டும் மென்பொருள். அரேலிஸ்ட் என்பது ஜாவாவில் கூட்டவும் குறைக்கவும் கூடிய பட்டியல். அந்தப் பாடத்தில் ஒரு பயிற்சி வந்தது. எண்கள் கொண்ட பட்டியலில் 5 எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை நீக்க வேண்டும். அவன் முதலிலிருந்து வரிசையாகப் போய், 5 கண்ட இடத்தில் நீக்கிவிட்டு அடுத்த இடத்துக்கு நகரும்படி எழுதியிருந்தான். சோதனைக்கென்று வைத்திருந்த பட்டியல்களில் அது சரியாக ஓடியது. பச்சை அடையாளம் விழுந்தது, முழு மதிப்பெண் வந்தது, அடுத்த பாடம் திறந்துவிட்டது.

நான் ஒரு தாளில் 3, 5, 5, 7 என்று எழுதிக் கொடுத்து, உன் நிரலை இதன்மேல் நடத்திக் காட்டு என்றேன். ஜாவாவில் இடங்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. இடம் 1-இல் இருக்கும் 5 நீங்கியதும் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்கின்றன. இரண்டாவது 5 இப்போது இடம் 1-க்கு வந்துவிட்டது. நிரலோ இடம் 2-ஐப் பார்க்கப் போய்விட்டது. அந்த 5 அப்படியே தங்கிவிடுகிறது. பட்டியலைக் கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாலோ, நீக்கிய தடவை மட்டும் அடுத்த இடத்துக்கு நகராமல் நின்றாலோ இந்தச் சிக்கலே இல்லை. தாளில் எழுதியதும் மகனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆனால் அந்தத் தாளை நீட்ட அவனுடைய பள்ளியில் ஆள் இல்லை. சந்தேகம் கேட்டு அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் காணொளியை மறுபடி பார்க்கவும் என்ற ஒரே பதில்தான் வந்தது.

மகளின் பள்ளியில் இதே வகைப் பயிற்சியில் அவளும் இதே இடத்தில்தான் சறுக்கினாள். அங்கும் மென்பொருள் முழு மதிப்பெண் போட்டது. மறுநாள் ஆசிரியை இரண்டு வரி எழுதியிருந்தார்: “ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும்? ஓட்டிப் பார்க்காமல் கையால் எழுதிக் காட்டு.” மகள் கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பட்டியல் எப்படி மாறுகிறது என்று எழுதிப் படம் பிடித்து அனுப்பினாள். அதையும் அவர் படித்து, ஒரு கட்டத்தில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினார். அந்த ஆசிரியைக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

நிரல்தான் ஓடுகிறதே, பிறகென்ன என்று சிலர் கேட்கிறார்கள். தேர்வில் அது ஓடாது என்பதுதான் பதில். மே மாதம் நடக்கும் தேர்வு மூன்று மணி நேரம். அதில் பாதி நேரம் நான்கு கேள்விகளுக்கு நிரல் எழுத வேண்டும். முன்பு காகிதத்தில் எழுதினார்கள். 2025 முதல் புளூபுக் என்ற செயலியில் தட்டச்சு செய்கிறார்கள். ஆனால் அதில் எழுதியதை ஓட்டிப் பார்க்க முடியாது. பிழை இருந்தால் சிவப்புக் கோடும் காட்டாது. ஆண்டு முழுவதும் பச்சை அடையாளத்தை நம்பியே எழுதிய பிள்ளை அங்கே திகைத்துப்போகும். 1984-இல் பாஸ்கலோடு தொடங்கிய இந்தத் தேர்வு பின்பு சி பிளஸ் பிளஸ்ஸுக்கும், 2003-04 கல்வியாண்டில் ஜாவாவுக்கும் மாறியது. மொழி எதுவானாலும், நிரலை மனத்துக்குள் நடத்திப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது கைகொடுத்திருக்கிறது. கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்ட இன்று அந்தப் பழக்கம் இன்னும் அவசியமாகிவிட்டது என்பேன்.

ஏ.பி. பாடங்களையும் தேர்வுகளையும் நிர்வகிக்கும் அமைப்பான காலேஜ் போர்டு அங்கீகரித்த பாடம் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைகிறார்கள். அங்கீகாரம் அவசியந்தான், எந்தெந்தப் பள்ளிக்கு அது உண்டு என்று காலேஜ் போர்டின் பொதுப் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் பரிசீலிப்பது பாடத்திட்டத்தை. வாரந்தோறும் உங்கள் பிள்ளைக்கு யார் பதில் எழுதுகிறார் என்பது அதிலிருந்து தெரியாது. அதைப் பள்ளியிடம் நேராகக் கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், நேரில் பேசும் நேரம் உண்டா, திருத்திய பயிற்சி ஒன்றை மாதிரிக்குக் காட்டுவார்களா என்று கேளுங்கள். காட்டத் தயங்கும் பள்ளி வேண்டாம்.

பெயரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிரின்சிபிள்ஸ் என்பது வேறு பாடம், தேர்வும் வேறு. ஜாவாவை ஆழமாகப் படிப்பது “ஏ” என்று முடியும் பாடத்தில்தான்.

இன்னொன்றை மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன். பாடம் இணையத்தில் நடந்தாலும் தேர்வை ஏதாவது ஒரு பள்ளிக்குப் போய்த்தான் எழுத வேண்டும். இணையப் பள்ளி அந்த இடத்தைப் பிடித்துக் கொடுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பள்ளிகள் நவம்பர் நடுவிலேயே தேர்வுகளுக்குப் பதிவு செய்துவிடுகின்றன. அதன்பின் போனால் தாமதக் கட்டணம் உண்டு. வெளி மாணவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பள்ளிக்கும் கட்டாயமும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் பையன் ஆண்டு முழுவதும் கண்விழித்துப் படித்தான். மார்ச் மாதத்தில் பள்ளி பள்ளியாகத் தொலைபேசியில் கேட்டும் இடம் கிடைக்கவில்லை. படித்த பாடத்துக்குத் தேர்வு எழுத முடியாமல் போன அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உங்கள் நாளிதழை இங்கே இணையத்தில் படிக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இங்குள்ள பேரப்பிள்ளைகளுக்காக ஊரிலிருந்து விசாரிக்கும் தாத்தா பாட்டிகளும் படிக்கிறார்கள். ஆகவே ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் வாரக் கல்விப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். “ஏ.பி. பாடத்தை இணையத்தில் படிக்கும் மாணவர்கள், அருகிலுள்ள பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் இந்த மாதமே தேர்வுக்கு இடம் கேட்டுப் பதிவு செய்துகொள்ளவும்” என்ற ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஒஹாயோ, அமெரிக்கா